கடிகாரம் செய்யும் ஊரில் நேரம் இல்லையா?

ஓசூரில் மூக்கண்டப்பள்ளி என்று ஓர் இடம். பெங்களூர் போகிற பெரிய சாலை அதை ஒட்டிப் போகிறது. கொஞ்ச தூரம் போனால் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் கர்நாடகம்.

ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ராகி விளைந்தது. இப்போது மோட்டார் சைக்கிள் விளைகிறது. லாரி விளைகிறது. கடிகாரம் விளைகிறது!

1971-ல் தமிழக அரசு 'சிப்காட்' நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொழிற்பேட்டை ஓசூருக்கும் வந்தது. பெரிய கம்பெனிகள் வந்தன. அவற்றுக்குச் சாமான் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகளும் கூடவே வந்தன. 1984-ல் டாட்டாவும், அரசின் 'டிட்கோ' கழகமும் கூட்டுச் சேர்ந்து டைட்டன் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அதன் கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. நாடு முழுவதும் லட்சக்கணக்கானவர்களின் கையில் ஓடும் கடிகாரம் இந்த ஊரில் பிறந்தது.

ஆனால் இந்த ஊர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

"எங்கேங்க நேரம்?"

இதுதான் பதில்!

மூன்று ஷிப்ட், ஒரு அடுப்பு

இந்தப் பகுதியில் பல கம்பெனிகளில் மூன்று ஷிப்ட். காலை 6 மணிக்கு ஒன்று. பிற்பகல் 2 மணிக்கு ஒன்று. இரவு 10 மணிக்கு மூன்றாவது.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டை எண்ணிப் பாருங்கள். அவருக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். அவளுக்குக் காலை ஷிப்ட். அவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறார். அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாள். இரண்டு பஸ்ஸும் வழியில் சந்தித்துக்கொள்கின்றன. இவர்கள் சந்திப்பதில்லை!

அவள் எழுந்தது எப்போது? நாலு மணிக்கு. குழாயில் தண்ணீர் வரும் நாள் என்றால் அதற்கும் முன்னால். களி கிண்ட வேண்டும். குழம்பு வைக்க வேண்டும். இரண்டு டப்பா கட்ட வேண்டும். பிள்ளையின் சட்டையில் பொத்தான் இல்லை. பள்ளிக்கூடத்தில் 'அப்பாவோ அம்மாவோ வர வேண்டும்' என்று சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ரேஷன் கடைக்குப் போக வேண்டும். கேஸ் தீரப் போகிறது. மாமியாரின் மாத்திரை தீர்ந்துவிட்டது. சீட்டுப் பணம் இன்று கட்ட வேண்டும்.

இதில் எந்த வேலையும் மலை அல்ல. பொத்தான் தைக்க ஐந்து நிமிஷம் போதும். மாத்திரை வாங்கப் பத்து நிமிஷம். ஆனால் அத்தனையும் ஒரே தலையில் இருக்கின்றன. கம்பெனியில் திருகாணி முடுக்கும்போதும் இருக்கின்றன. பஸ்ஸில் தூங்கும்போதும் இருக்கின்றன. அவளைக் களைப்படைய வைப்பது கைவேலை பாதி, இந்தத் தலைச்சுமை பாதி!

'நேரத்தைத் திட்டமிடு. விடியற்காலையில் எழு. சோம்பலை விடு' என்று புத்தகம் போடுகிறவர்கள் நிறைய. நாலு மணிக்கு எழுகிறவளிடம் இன்னும் சீக்கிரம் எழு என்று சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ! இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்குப் படுப்பவருக்கு விடியற்காலை எது?

தூக்கத்தில் கை வைக்கும் யோசனை எதுவும் நல்ல யோசனை அல்ல. அதுவும் இந்த ஊரில்! பிரஸ் மிஷினின் முன்னால் உட்காருகிறவர் ஒரு விநாடி கண் அயர்ந்தால் போவது விரல்.

பரிமாறுகிறவரின் ஞாபகம்

மனம் ஏன் இப்படிச் சுமக்கிறது? இதை ஒரு பெண் ஆராய்ந்தார். அவர் பெயர் புளூமா ஸெய்கார்னிக். லித்துவேனியாவில் பிறந்தவர். பெர்லின் நகரில் மனநூல் படித்தார்.

அவருடைய பேராசிரியர் ஓட்டலில் ஒரு வேடிக்கையைக் கவனித்ததாகச் சொல்வார்கள். பரிமாறுகிறவர் எந்த மேஜைக்கு என்ன பலகாரம் என்று எழுதாமலே நினைவு வைத்திருந்தாராம். காசு வாங்கினதும் எல்லாம் மறந்துபோனதாம். நம்மூர் ஓட்டலிலும் இதைப் பார்க்கலாம். 'ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு ரோஸ்ட்' என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பவர், கணக்குத் தீர்ந்ததும் உங்கள் முகத்தையே மறந்துவிடுவார்!

புளூமா சோதனை செய்தார். பலரிடம் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார். சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். 1927-ல் முடிவை வெளியிட்டார். முடித்த வேலைகளைவிட, பாதியில் நின்றவையே அவர்களுக்கு அதிகம் ஞாபகம் இருந்தன.

பிற்காலத்துச் சோதனைகளில் ஞாபகக் கணக்கு எல்லா இடத்திலும் இப்படியே வரவில்லை. ஆனால் ஒன்று நிலைத்தது. பாதியில் விட்ட வேலைக்கு மனம் திரும்பத் திரும்ப ஓடும். கன்றை விட்டு வந்த பசு போல!

2011-ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். மாஸிகாம்போ, பாமைஸ்டர் என்று பெயர். மனத்தின் தொல்லை ஓய, வேலை முடிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று நிச்சயித்துவிட்டாலே போதும். தொல்லை குறைகிறது!

மாமியாரின் மாத்திரை என்று நினைத்தால் தலை கனக்கும். 'வியாழன் மாலை, பஸ் இறங்கின இடத்து மருந்துக் கடையில்' என்று நிச்சயித்தால் கனம் இறங்கும். எழுதி வைத்தால் இன்னும் நல்லது. அதற்குப் பெரிய நோட்டு வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். அந்தத் தேதித் தாளிலேயே எழுதலாம். நல்ல நேரம், ராகு காலம் பார்க்க எப்படியும் அங்கேதானே போகிறோம்?

வீட்டுக்கு ஏது ஷிப்ட் புத்தகம்?

இங்கேதான் மூக்கண்டப்பள்ளிக்கு ஒரு வசதி இருக்கிறது. வேலையைச் சமாளிக்கும் வித்தை அந்த ஊருக்குத் தெரியும். தினமும் கம்பெனியில் செய்கிறார்கள். வீட்டுக்கு மட்டும் கொண்டு வருவதில்லை!

ஷிப்ட் மாறும்போது என்ன நடக்கிறது? போகிறவர் ஒரு புத்தகத்தில் எழுதுகிறார். இத்தனை முடிந்தது. இத்தனை பாக்கி. இந்த மிஷினில் சத்தம் வருகிறது, பார்த்துக்கொள்ளவும். வருகிறவர் அதைப் படிக்கிறார். கையெழுத்துப் போடுகிறார். அதோடு பொறுப்பு கை மாறியது. போகிறவர் நிம்மதியாக வெளியே வருகிறார்.

வீட்டில் இந்தக் கைமாற்றம் உண்டா? இரவு ஷிப்ட் முடிந்து கணவன் வருகிறான். காலை ஷிப்டுக்கு மனைவி போகிறாள். கேஸ் தீரப் போவது அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடச் சீட்டு அவன் கண்ணில் படவில்லை. அவள் போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவள் சொன்னால்தான் அவன் செய்வான்.

"சொன்னால் செய்ய மாட்டேனா?" என்கிறான்.

நல்ல மனுஷன்தான். ஆனால் சொல்வதும் ஒரு வேலை! எது தீர்ந்தது, எது பாக்கி, யாருக்கு எப்போது ஊசி போட வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பதே பெரிய வேலை. கம்பெனியில் அதைச் செய்பவருக்கு மேற்பார்வையாளர் என்று பெயர். தனிச் சம்பளம்!

அடுப்படிச் சுவரில் ஒரு சிலேட்டு மாட்டுங்கள். போகிறவர் எழுத வேண்டும். வருகிறவர் படிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள்கூட 'கேஸ்', 'மாத்திரை' என்று எழுதிவிடலாம். எழுதவே வராத பாட்டி இருந்தால் ஒரு சிலிண்டர் படம் போடட்டும். பாக்கி இருப்பதைப் பார்த்தவரே செய்துவிட்டு அழிக்க வேண்டும். யாரும் யாருக்கும் ஏவ வேண்டாம்.

ஜப்பான் சீட்டு

மூக்கண்டப்பள்ளியில் 'கன்பான்' என்ற சொல்லைக் கேட்டால் பலருக்குத் தெரியும். ஜப்பானியச் சொல். ஜப்பானில் டொயோட்டா மோட்டார் கம்பெனியில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் வளர்த்த முறை. அமெரிக்கப் பலசரக்குக் கடையில் சாமான் விற்ற பிறகுதான் அந்த இடத்தை நிரப்புகிறார்கள் என்ற சங்கதி அவருக்குப் பிடித்துப்போனது. அதையே தொழிற்சாலைக்குக் கொண்டு வந்தார். அடுத்தவர் சீட்டு அனுப்பினால்தான் இவர் அடுத்த சாமானைச் செய்ய வேண்டும். சீட்டு எத்தனையோ, கையில் வேலையும் அத்தனைதான். அதற்கு மேல் குவிக்கக் கூடாது.

ஓசூரில் உள்ள டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி 2002-ல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. ஜப்பானிய வேலைமுறைகள் இந்த ஊருக்குப் புதிதல்ல.

வீட்டில் என்ன நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை வந்ததும் துணி ஊறுகிறது. அரிசி ஊறுகிறது. அலமாரியில் இருந்ததெல்லாம் தரையில் கிடக்கிறது. நடுவில் உறவுக்காரர் போன் செய்கிறார். மாலையில் எதுவும் முடிந்திருக்காது. அம்மா அழுகிற நிலையில் இருப்பாள்!

கையில் இரண்டு வேலைக்கு மேல் வேண்டாம். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. அலமாரி அடுத்த ஞாயிறு. அடுத்த ஞாயிறும் முடியாவிட்டால் அதற்கடுத்தது. அலமாரி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

இன்னொரு ஜப்பான் பாடமும் உண்டு. கருவிப் பலகையில் சுத்தியல், ஸ்பானர் ஒவ்வொன்றின் நிழலும் வரைந்திருக்கும். எடுத்தால் இடம் காலியாகத் தெரியும். கம்பெனியில் ஸ்பானரை வைத்த இடத்தில் வைப்பவர், வீட்டில் சாவியை எங்கே வைக்கிறார்? கத்தரிக்கோல் எங்கே? குடும்ப அட்டை எங்கே? 'ஏய், இங்கே வச்சேனே, பார்த்தியா?' என்று கேட்டுக்கொண்டே கால் மணி நேரம் போகிறது. அதையும் தேடித் தருவது அவள்தான்!

கணக்கு பேசுகிறது

இதெல்லாம் பெண்ணுக்குப் பரிந்து பேசும் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கணக்கைப் பாருங்கள்.

2019-ல் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு கணக்கெடுத்தது. மக்கள் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிஷம்.

'பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே' என்று சந்தோஷப்பட வேண்டாம்! அது வீட்டு வேலை செய்த ஆண்களின் கணக்கு மட்டும். நூற்றுக்கு 26 ஆண்கள்தான் செய்தார்கள். பெண்களில் நூற்றுக்கு 81 பேர் செய்தார்கள்.

2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289 நிமிஷம். ஆண்கள் 88 நிமிஷம். ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிஷம் மிச்சம். ஆண் அதிலும் ஒன்பது நிமிஷம் குறைத்துக்கொண்டார்!

289 நிமிஷம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். கம்பெனியில் எட்டு மணி நேரம். பஸ்ஸில் போக வர எவ்வளவு என்று அவரவர் கூட்டிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இந்தக் கூட்டல் பலருக்கும் பொருந்தும். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்தார்கள் என்று 2019-20 கணக்கு சொல்கிறது.

ஐஸ்லாந்து என்று ஒரு குளிர் தேசம். 1975 அக்டோபர் 24. அன்று அந்த நாட்டுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆபீஸ் வேலை இல்லை. அடுப்பு வேலையும் இல்லை. ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். கடைகளில் சுலபமாகச் சமைக்கும் இறைச்சிக் குழல்கள் விற்றுத் தீர்ந்தன! அடுத்த வருஷமே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. 1980-ல் அந்த நாட்டு மக்கள் ஒரு பெண்ணை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் ஊரில் வேலை நிறுத்தம் வேண்டாம். சிலேட்டு போதும்.

அரசுக்கும் முதலாளிக்கும்

ஆனால் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே சமாளித்துவிட முடியாது. சிலேட்டு மாட்டியும் ஓயாத வேலை இருக்கிறது.

1923 மே 1-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையிலிருந்து பிறந்ததுதான் மே தினம். 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது.

அந்த முதல் மே தினத்துக்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21-ல், தமிழகச் சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. நாளுக்கு 12 மணி நேரம்கூட வேலை வாங்க அது வழி திறந்தது. வாரத்தில் நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்றார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

மூன்று நாள் லீவு என்பது காதுக்கு இனிப்புத்தான். ஆனால் களி தினமும் கிண்ட வேண்டும்! குழந்தைக்கு தினமும் பசிக்கும். 12 மணி நேரம் கம்பெனியில் நின்றவள் அந்த நாலு நாளில் எதைச் சமாளிப்பாள்? வீட்டு வேலையை மூன்று நாளில் சேர்த்து வைத்துச் செய்ய முடியாது. மசோதா எழுதியவர்கள் அடுப்பை நினைக்கவில்லை.

அடுப்பை நினைத்த காரியமும் ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தார்கள். பிள்ளைகளின் பசிக்காக வந்த திட்டம். ஆனால் காலை ஷிப்டுக்கு ஓடும் தாயைக் கேளுங்கள். பிள்ளை சாப்பிட்டானா என்று பஸ்ஸில் உட்கார்ந்து கவலைப்பட வேண்டியதில்லை. எந்த நேர நிர்வாகப் புத்தகமும் அவளுக்குத் தராத அரை மணி நேரத்தை ஒரு கிண்ணம் உப்புமா கொடுத்தது!

கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சொன்னது அந்தத் திருத்தம். காப்பகம் என்றால் பெயர்ப்பலகை மாட்டிய பூட்டின அறை அல்ல. ஆயா வேண்டும், தொட்டில் வேண்டும், பால் காய்ச்ச அடுப்பு வேண்டும். ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டினால் காசு செலவே இல்லை. கணவன் மனைவி இருவரும் பார்த்து, யார் எதைச் செய்வது என்று நிச்சயித்துக்கொள்வார்கள். 'நாளைக்கு நீ இரவு ஷிப்ட்' என்று மாலையில் சொன்னால், அந்த வீட்டில் அத்தனை ஏற்பாடும் கவிழ்ந்துபோகும்.

எதை விடுவது?

வேலையைப் பங்கு போட்ட பிறகும் மிச்சம் இருக்கும். அதில் சிலவற்றை விட்டுவிட வேண்டும். இது பெண்களுக்கே கஷ்டமான காரியம்!

பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி அவசியம். படுக்கை விரிப்புக்கு எதற்கு? இரண்டு பேரும் இரவு ஷிப்ட் இருக்கும் வாரத்தில் ஒரு குழம்பு போதாதா? பொரியல் இல்லாவிட்டால் யாரும் இளைத்துவிட மாட்டார்கள். 'பக்கத்து லைன் வீட்டுக்காரி என்ன நினைப்பாள்?' என்று வாசலை இரண்டு முறை கூட்டுகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரிக்கு உங்கள் வாசலைப் பார்க்க நேரம் ஏது? அவளும் இரண்டாம் ஷிப்டுக்குப் புடவை மாற்றிக்கொண்டிருப்பாள்.

மாமியாரிடம் பேசிப் பார்க்கலாம். "அத்தை, இந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் விளக்கு வைக்கிறதை நீங்க பாத்துக்கறீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில் யாருக்கும் லாபமில்லை. பத்து வயதுப் பையன் தன் டப்பாவைத் தானே கழுவலாம். பெண் பிள்ளையிடம் மட்டும் துடைப்பத்தைக் கொடுக்கும் வழக்கம் எந்த ஷிப்டுக்கும் உதவாது.

அப்பாவுக்கு என்ன பங்கு? அவர் எந்த வேலை என்று தாமே எடுத்துக்கொள்ளட்டும். 'உதவி' என்று சொல்ல வேண்டாம். மாத்திரை, கேஸ், பள்ளிக்கூடம் மூன்றும் தம் பொறுப்பு என்று சிலேட்டில் பெயர் எழுதிவிட்டால், அந்த மூன்றும் அவள் தலையை விட்டு இறங்கும். மறந்தால் அவரே பதில் சொல்லட்டும். ஒரு தடவை கேஸ் தீர்ந்து ஓட்டலில் இட்லி வாங்கினால் குடி முழுகாது.

"ஆம்பிளை அடுப்படியில் நிற்பதா? களி கிண்டுவதா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓட்டல் வாசலில் பரோட்டா அடிப்பவர் யார்? கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைப்பவர் யார்? அந்தக் கம்பெனிக் கேன்டீனில் தினமும் பெரிய அண்டாவில் கரண்டி போடுகிறவரைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும். மீசை இருக்கும்!